நடைபாதையில் நெத்தலி

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் மிஸ் என்று கந்தோரில் கேட்டார்கள். சுற்றுநிருபங்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவை தாமாகவே உங்களைத் தேடி வரும், வந்த பிறகு ஒன்றோடொன்று சண்டையும் பிடிக்கும். மன்னார்த் தீவில் அபிவிருத்தி உத்தியோகத்தராக மாரடித்த காலத்தில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், எனக்கு இப்போதும் வருகிறது. ஆனால் கடைசி வரை வாசித்துவிட்டு எழும்புங்கள்.

நான் அடம்பன் ஆள். வயலும் மாடும் பார்த்து வளர்ந்தவள். வேலைக்கு வந்த புதிதில் நெத்தலிக்கும் சூடைக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்று, கரைப் பெண்களிடம் நன்றாக வாங்கிக் கட்டினேன். "மிஸ்ஸுக்கு நெல்லெண்டால் நாப்பது வகை தெரியும், மீனெண்டால் எல்லாம் மீன்தான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிச் சிரிப்பவர்களில் முதல் ஆள் றோசலின் அக்கா. கருவாடு போடுகிற பெண்களின் சங்கத்துக்குத் தலைவி. பெரிய குரல், பெரிய சிரிப்பு, அதைவிடப் பெரிய கோபம்.

அவருடைய கரை பேசாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இன்றைக்கும் யாராவது கொழும்பிலிருந்து அளவுநாடாவோடு வந்து இறங்குவார்கள்.

அந்தப் பெண்கள் வருடக்கணக்காகக் கேட்டது ஒரே ஒரு பொருள்: கருவாடு காயப்போட ஒரு சீமெந்துத் தளம். மணலில் பழைய வலையை விரித்து அதன்மேல்தான் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். சோளகக் காற்று எழும்பினால் மணல் முழுக்க மீனுக்குள் போய்விடும். கொழும்பு மொத்த வியாபாரி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பான், முகத்தைச் சுளிப்பான், "மண் கடிக்குது" என்பான். அதோடு அன்றைய பாடு போச்சு. இதையெல்லாம் விவரமாக எழுதி நானே பல தடவை அனுப்பினேன். "கருவாட்டுத் தளம் என்ற வகையில் எம்மிடம் நிதி ஏற்பாடு இல்லை" என்று ஒவ்வொரு முறையும் மரியாதையாகப் பதில் வரும். 'இல்லை' என்பதைக் கொழும்பு ஒருநாளும் மரியாதைக் குறைவாகச் சொல்லாது.

பிறகு ஒருநாள், யாரும் கேட்காமலே, ஒரு லொறி கொங்கிறீற்றுக் கலவையோடு வந்து நின்றது. கொழும்பில் சனம் கதிரையில் இருந்து இருந்து சீனி வருத்தம் பிடித்துப் போய், அங்கே ஓர் அமைச்சு நாடு முழுவதும் ஆரோக்கிய நடைபாதை போடுவதென்று முடிவெடுத்திருந்தது. எங்களுக்கு விழுந்த பங்கு அந்தக் கரையில் போடப்பட்டது. விடியற்காலையில் வலை இழுத்து, நாள் முழுக்கப் பெட்டி சுமக்கிற சனத்துக்கு உடற்பயிற்சி போதாதாம். கேட்டது அகலம், கிடைத்தது நீளம். ஆனால் கொங்கிறீற்று கொங்கிறீற்றுத்தானே!

பாதையின் தலைப்பில் ஒரு பலகையும் நட்டார்கள். அதில் ஒரு ஆணும் பெண்ணும் கையில் தண்ணீர்ப் போத்தலோடு சிரித்தபடி ஓடுகிறார்கள். றோசலின் அக்காவின் கணவர் சவிரி அண்ணன் அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் மிஸ் உவை ஓடுகினம்? ஆர் துரத்துறது?"

"ஒருத்தரும் துரத்தேல்லை அண்ணன். உடம்புக்கு நல்லதெண்டு ஓடுகினம்."

"பாவங்கள்" என்றார் சவிரி அண்ணன், உண்மையான இரக்கத்தோடு.

அடுத்த நாள் காலையில் நான் போனபோது பாதையில் தலைப்பிலிருந்து தொங்கல் வரை நெத்தலி விரித்துக் கிடந்தது. மண் இல்லை, ஈரம் இல்லை. அடியில் கொங்கிறீற்றுச் சூடு, மேலே மன்னார் வெயில், ஒரே நாளில் காய்ந்து கலகலவென்று வந்தது. வியாபாரி கடித்துப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. பேசாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போனானே, அதைப் பார்த்துப் பெண்கள் கரையில் நின்று கைதட்டினார்கள். அந்த வருடம்தான் றோசலின் அக்காவின் மூத்த மகளைத் தாதியர் படிப்புக்கு அனுப்பினார்கள். அந்தப் பாதை இல்லாவிட்டால் செலவுக்குக் காசில்லாமல் அவள் திரும்பி வந்திருக்க வேண்டும். அதனால் அந்தப் பாதை எனக்கும் உயிர்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கடிதம் வந்தது. நடைபாதைகளின் பாவனையைப் பார்க்கக் கொழும்பிலிருந்து குழு வருகிறது. நடப்பதற்குப் பாவிக்கப்படாத பாதைகள் மீளப் பெறப்பட்டு, வேலி அடைத்து, உல்லாசப் பயணிகளுக்காக வேறு பிரிவிடம் ஒப்படைக்கப்படும். வருகிற வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.

நான் கரைக்கு ஓடினேன். கூட்டம் போட்டோம்.

"வெள்ளிக்கிழமை மீன் போடாதேங்கோ. எல்லாரும் பாதையிலை நடக்கவேணும்" என்றேன்.

"எங்கை நடக்கிறது?" என்று கேட்டார் சவிரி அண்ணன்.

"அந்தத் தொங்கல் வரைக்கும்."

"அங்கை போய்?"

"திரும்பி வாறது."

"அப்ப ஏன் போறது?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் கடுப்பு. ஆனாலும் மனிசன் கேட்டதில் பிழை இல்லை. ஒத்திகைக்காகக் கொஞ்சத் தூரம் நடக்கவிட்டுப் பார்த்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று தாமாகப் பிரிந்துவிட்டார்கள். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டார்கள். எல்லோர் முகத்திலும் ஒரு பக்தி வந்துவிட்டது. எங்கேயும் போகிற தேவை இல்லாமல் அந்த ஊர் கூட்டமாக நடக்கிற ஒரே சந்தர்ப்பம் மாதா கோயில் திருநாளில் போகிற சுற்றுப்பிரகாரம். கால்களுக்கு அது மட்டும்தான் தெரியும். "கையை வீசி நடவுங்கோ" என்று கத்தினேன். வீசினார்கள், அது அதைவிட மோசமாக இருந்தது. சரி, மிச்சத்தை வியாழன் பின்னேரம் பழகலாம் என்று விட்டுவிட்டு வந்தேன்.

வியாழன் காலை பதினொரு மணிபோலக் கந்தோர் வாசலில் கொழும்பு வாகனம் வந்து நின்றது. பணிப்பாளர் இறங்கினார், பின்னால் படம் பிடிக்கிற தம்பி ஒருவர். வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழும்புக்குள் போக வாகன நெரிசலாம், அதனால் ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டார்களாம். எங்கள் நாட்டில் எல்லாத் திட்டமும் கொழும்பின் வாகன நெரிசலைக் கேட்டுத்தான் நகரும்.

என்னையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நான் முன் ஆசனத்தில் இருந்து, முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு றோசலின் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, இண்டைக்கே வருகினம். டவுன் தாண்டியிட்டம்."

"ஆர் வருகினம்?"

"கொழும்பு."

"ஐயோ மாதாவே! நாளைக்கெல்லோ எண்டனீங்கள்? மிஸ், பாதை முழுக்க நெத்தலி. இப்பதான் விரிச்சது, பச்சை ஈரம்."

"அள்ளேலாதோ?"

"இந்த ஈரத்திலை அள்ளிக் குவிச்சால் பின்னேரத்துக்குள்ளை அவிஞ்சு நாறிப்போகும். ஊரிலை இருக்கிற அத்தினை பொம்பிளையளின்ரை மீனும் இதிலைதான் கிடக்கு. அள்ளவும் ஏலாது, விடவும் ஏலாது. நீங்கள் மெல்லமா வாங்கோ. கழுதையளுக்கு வழி விட்டு வரச்சொல்லி டிறைவரிட்டைச் சொல்லுங்கோ."

மற்ற நாட்களில் நடுரோட்டில் மாநாடு வைத்துக்கொண்டு நிற்கிற மன்னார்க் கழுதைகள் அன்றைக்குப் பார்த்து ஒன்றுகூட இல்லை. நாசமாய்ப் போனவை!

"யாருடன் பேசினீர்கள்?" என்று பணிப்பாளர் சிங்களத்தில் கேட்டார்.

"அந்த ஊர்ப் பெண்கள் சங்கத் தலைவியுடன், சேர்."

"ஆயத்தமாக இருக்கிறார்களா?"

"எல்லாம் விரித்து வைத்திருக்கிறார்கள், சேர்."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எனக்கு முதன்முதலாக வேலை பழக்கிய பிரதேச செயலாளர் ஒருவர், மூக்குப்பொடி போடுகிற மனிதர், ஒன்று சொல்லுவார்: "கொழும்பு கேக்கிற கேள்விக்கு உண்மையைச் சொல்லு பிள்ளை. கேக்காத கேள்விக்கு உண்மையும் சொல்லாதை, பொய்யும் சொல்லாதை." உங்களுக்கு இந்த வேலையில் வேறு ஒன்றும் நினைவில்லாவிட்டாலும் இது இருக்கட்டும்.

கரைக்குத் திரும்பும் வளைவில் வாகனம் நின்றது. நான் இறங்கிப் பார்த்தேன்.

பாதையின் நடுவில் நெத்தலி வெள்ளிபோல மினுங்கிக்கொண்டு கிடக்கிறது. ஒரு ஓரத்தில் ஆண்கள் வரிசை. மற்ற ஓரத்தில் முக்காடு போட்ட பெண்கள் வரிசை. முன்னுக்குச் சவிரி அண்ணன், பள்ளிக்கூடத்தில் கடன் வாங்கிய ஓட்டச் சப்பாத்தோடு, சாரத்தோடு. ஊர் முழுக்க மெல்ல, மிக மெல்ல நடந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் பயத்தில் சவிரி அண்ணனுக்கு வேறு ஒன்றும் வராமல், 'அருள் நிறைந்த மரியே' செபம் வந்துவிட்டது. அவர் உரத்துத் தொடங்க, பழக்கதோஷம், சனம் முழுக்க மறுமொழி சொன்னது. பெண்கள் செபித்துக்கொண்டே குனிந்து குனிந்து மீனைப் புரட்டினார்கள். அந்த நேரத்துக்கு மீன் புரட்டியே ஆகவேண்டும், கொழும்பு வந்தாலும் சரி வானம் இடிந்தாலும் சரி.

பணிப்பாளர் அப்படியே நின்றுவிட்டார். இந்த நாட்டில் எந்த அரச உத்தியோகத்தனும் ஒரு சமய ஊர்வலத்துக்குக் குறுக்கே போகமாட்டான். படம் பிடிக்கிற தம்பி முதலில் சப்பாத்தைக் கழற்றினான். அதைப் பார்த்துப் பணிப்பாளரும் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். நல்ல மனிதர். அதுதான் கரைச்சல். கெட்ட மனிதரென்றால் சண்டை பிடிக்கலாம்.

குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பிடித்த மீனை நடுவில் வைத்துச் செபிப்பது இவர்களுடைய வழக்கமா?"

"மீனுக்காக எப்போதும் செபிப்பார்கள், சேர்."

"தினமும் இந்தப் பாதையில் நடக்கிறார்களா?"

"வெயில் எறிக்கிற நாளெல்லாம், சேர். காலையிலிருந்து பின்னேரம் வரை. போவதும் வருவதுமாக."

"குனிந்து நிமிர்கிறார்களே?"

"அதுவும் தினமும்தான், சேர்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கைகூப்பிக்கொண்டு போய் ஆண்கள் வரிசையில் சேர்ந்தார். வெறுங்காலோடு. உச்சி வெயிலில். மன்னார்க் கொங்கிறீற்றில்.

முதல் பத்தடி மரியாதையாகத்தான் நடந்தார். பிறகு நடையில் ஒரு வேகம் வந்தது. பிறகு துள்ளல் வந்தது. பிறகு ஓட்டமே எடுத்தார். சவிரி அண்ணனைத் தாண்டி, செபத்தைத் தாண்டி, ஒரு காலை வைக்குமுன் மற்றக் காலைத் தூக்கிக்கொண்டு கடல் வரைக்கும் ஓடினார். அந்தப் பாதை திறந்த நாளிலிருந்து உண்மையாக அதில் உடற்பயிற்சி செய்த ஒரே மனிதர் அவர்தான். தம்பி படம் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடினான், அவனும் வெறுங்கால்.

றோசலின் அக்கா வீட்டில் சாப்பாடு. பணிப்பாளர் இரண்டு காலையும் தண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு பொரித்த நெத்தலியும் சம்பலும் சாப்பிட்டார். "எங்கள் வீட்டில் வாங்குவதில் மண் கடிக்கும். இதில் இல்லையே, எப்படி?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஐயாவுக்கு இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்றார் றோசலின் அக்கா.

போனார்கள். நெத்தலி காய்ந்தது. ஊர் முழுக்க இரண்டு நாள் சிரித்தது. மூன்று கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து செய்தி வந்தது: நாட்டிலேயே சிறந்த நடைபாதை எங்களுடையதாம். றோசலின் அக்காவுக்குக் கேடயம். என்னையும் மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

கொழும்பில் நடந்த விழாவுக்குக் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். மண்டபம் திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு குளம், அதைச் சுற்றி அகலமான நடைபாதை. றோசலின் அக்கா குந்தியிருந்து உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். எழும்பி முழு வட்டத்தையும் கண்ணால் அளந்தார்.

"மிஸ், இதிலை என்ன காயப்போடுகினம்?"

"ஒண்டும் இல்லை அக்கா. நடக்கிறது மட்டும்தான்."

"இவ்வளவு இடமுமோ? சும்மாவோ கிடக்குது?" அவர் தலையில் கைவைத்தார். "இந்தச் சனத்துக்கு என்ன தேவையெண்டு ஒருத்தரும் வந்து கேக்கிறேல்லையோ?"

மண்டபத்தில் எங்கள் பக்கத்துக் கதிரையில் மொனராகலைப் பக்கத்து உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். அவருடைய ஊருக்கு இரண்டாம் பரிசு. "உங்களுடையதில் என்ன?" என்று மெதுவாகக் கேட்டார். "நெத்தலி" என்றேன். "எங்களுடையதில் நெல்லு" என்றார். இருவரும் நேரே மேடையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

கேடயம் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். பிறகு அமைச்சின் செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். மன்னார் மக்கள் கொதிக்கிற வெயிலில் நடக்கிறார்கள் என்று பணிப்பாளர் தன் காலால் அறிந்துவந்து சொல்லியிருக்கிறார், ஆகவே இந்த முன்மாதிரிக் கிராமத்துக்கு ஒரு விசேட பரிசு: நடைபாதை முழுவதற்கும் கூரை. நிதி ஒதுக்கியாயிற்று. அடுத்த மாதம் வேலை தொடங்கும்.

நான் றோசலின் அக்காவின் காதில் சொன்னேன். அவருடைய முகத்தில் இருந்த இரத்தம் இறங்கிவிட்டது.

"கூரையோ? மிஸ், கூரை போட்டால் நாங்கள் செத்தம். பிள்ளையின்ரை படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு." என் கையை இறுக்கிப் பிடித்தார்.

பிறகு எழும்பி நேரே ஒலிவாங்கிக்குப் போனார். யாரும் கூப்பிடவில்லை.

"ஐயா, உங்களுக்குக் கோடி புண்ணியம். ஆனால் கூரை வேண்டாம். வெயில் இல்லாட்டி எங்கடை ஊரிலை ஒருத்தரும் நடக்க மாட்டினம்."

நான் ஒரு சொல்லும் மாற்றாமல் சிங்களத்தில் சொன்னேன். மண்டபம் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. செயலாளர் பணிப்பாளரைப் பார்த்தார். பணிப்பாளர் எழும்பி, "உண்மைதான், அந்தச் சூட்டில்தான் கால் தானாக வேகம் எடுக்கிறது" என்றார், அனுபவப்பட்டவர் சொல்கிற உறுதியோடு. சபை கைதட்டியது. என்ன மனவலிமை, என்ன மக்கள் என்று எனக்குப் பின்னால் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார்.

ஆனால் செயலாளருக்குத் தலையிடி. "நிதி வந்துவிட்டதே. கூரையை இந்த வருடத்துக்குள் எங்கேயாவது போட்டாக வேண்டுமே?"

இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும், பிள்ளைகளே. நாலு நொடிதான் இருக்கும். "அடம்பன் பஸ் தரிப்பிடத்தில் போடுங்கள், சேர்" என்றேன். "அங்கே பிள்ளைத்தாச்சிகளும் கிழடுகளும் வெயிலில் நிற்கிறார்கள்."

"அங்கே மக்கள் நடக்கிறார்களா?"

"இல்லை சேர், நிற்கிறார்கள்."

"மன்னிக்க வேண்டும். இது நடப்பவர்களுக்கான நிதி. நிற்பவர்கள் வேறு அமைச்சு."

என்ன பேச்சு என்று றோசலின் அக்கா கேட்டார். சொன்னேன். அவர் என் இடுப்பில் ஒரு இடி இடித்தார்.

"நடக்கினம் எண்டு சொல்லுங்கோ மிஸ்! பஸ் வராட்டி அந்தச் சனம் நடந்துதானே வீட்டை போகுது?"

சொன்னேன். செயலாளரின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் பிரச்சினை இல்லை" என்றார். அடுத்த மாதமே அடம்பனில் கூரை போட்டார்கள், நல்ல கூரை. பஸ் இன்றைக்கும் நினைத்தால்தான் வரும்.

மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் றோசலின் அக்கா வீட்டுக்குப் போன் எடுத்து, "கூரை வராது, விரியுங்கோ" என்று மட்டும் சொல்லி வைத்தார். நான் வென்றுவிட்ட சந்தோசத்தில் இருந்தேன். வாகனத்தில் பகிடி விட்டுக்கொண்டு வந்தேன். அவர் சிரிக்கவில்லை. கேடயத்தை மடியில் குப்புற வைத்துக்கொண்டு வந்தார். புத்தளம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ."

"கேளுங்கோ அக்கா."

"வெயில் ஆரின்ரை?"

"ஏன் அக்கா? கடவுளின்ரை."

"அப்ப ஏன் மிஸ் அதைக் கொழும்பு வரைக்கும் போய்க் கெஞ்சி வாங்கிக்கொண்டு வாறம்?"

கேட்டுவிட்டு அவர் அழத் தொடங்கினார். அந்தப் பெரிய குரல்காரி, சத்தமில்லாமல், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அவருடைய மடியிலிருந்து கேடயத்தை எடுத்து நான் வைத்துக்கொண்டேன்.